டேங்க் கீசரா, டேங்க் இல்லாததா: நம்ம டர்பன் வீடுகள்ல நடக்குற தப்புங்க

2023ல லோட் ஷெட்டிங்னு முறை வச்சு கரண்ட் கட் பண்ணி வாட்டினப்ப சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எங்க போனாலும் கேஸ் கீசர் பேச்சுதான். இப்ப அது கொஞ்சம் அடங்கிருச்சு, ஆனா பழைய கீசர் பர்ஸ்ட் ஆகி சீலிங்ல தண்ணி சொட்டுறப்ப அவசரத்துல கண்டதையும் வாங்குறது மட்டும் நிக்கல.

இருக்குறதுலயே பெரிய தப்பு, டேங்க் இல்லாத, தண்ணி ஓடுறப்பவே சூடேத்துற எலக்ட்ரிக் கீசர் ஒண்ணை வாங்கி முழு வீட்டுக்கும் மாட்டிரலாம்னு நெனைக்கிறது. நம்ம வீடுகளுக்கு பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ் 60 ஆம்ப் லைன்தான், 230 வோல்ட்டால பெருக்கிப் பாருங்க, 13.8 கிலோவாட், அடுப்பு கெட்டில் ஃப்ரிட்ஜ் எல்லாம் அதுக்குள்ளதான் ஓடணும். ஷவர்ல நிமிஷத்துக்கு 8 லிட்டர் போகுது, அதை 25 டிகிரி சூடேத்த மட்டுமே கிட்டத்தட்ட 14 கிலோவாட் வேணும்! கடைல 7 கிலோவாட் யூனிட்டை காட்டி ஷவருக்கு தாராளம்னு சொல்வாங்க, தண்ணிய பாதியா கொறைச்சு விட்டாத்தான் நம்ம குளிர்கால ஜூலைல சூடா வரும். வீட்டுக்குப் பின்னாடி இருக்குற சின்ன கிரானி ஃப்ளாட்ல பாத்திரம் கழுவுற சிங்க்குக்குன்னா அது போதும், தப்பில்ல. 150 லிட்டர் டேங்குக்கு 3 கிலோவாட் எலிமென்ட் (சூடேத்துற கரண்ட் கம்பி) போதுறதுக்கு காரணம், அது ரெண்டு மணி நேரத்துக்கு மேல மெதுவா சூடேத்தி வச்சுக்குது.

அப்ப கேஸ்தானேன்னு கேப்பீங்க. டேங்க் இல்லாம முழு வீட்டுக்கும் வேணும்னா அதான் வழி, ஆனா நிமிஷத்துக்கு 16 லிட்டர்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கறது பொதுவா 25 டிகிரி ஏத்துறதுக்கான கணக்கு, குளிர்காலத்துல ஜோகன்னஸ்பர்க்ல தண்ணி ஐஸ் மாதிரி வரும், அங்க அவ்வளவு லிட்டர் கெடைக்காது. அந்த சைஸ் யூனிட் முழுசா எரிஞ்சா மணிக்கு 2 கிலோவுக்கு மேல கேஸ் குடிக்கும், அதை பிரையில (கறி சுடுற அடுப்பு) இருந்து கழட்டின 9 கிலோ பாட்டில்ல மாட்டினா கொஞ்ச நேரத்துல பாட்டில் வெளியில பனி படிஞ்சு கேஸ் அழுத்தம் கொறைஞ்சிரும், வெளிய 48 கிலோ சிலிண்டர் வைங்க. இன்னொண்ணு, சில மாடல் பேட்டரில பத்திக்கும், சிலதுக்கு கரண்ட் வேணும். லோட் ஷெட்டிங்குக்கு பயந்து கேஸ் வாங்கிட்டு பிளக்ல சொருகுற மாடலை எடுத்தா என்ன பிரயோஜனம்? புகை வெளிய போக வழியில்லாத பாத்ரூமுக்குள்ள மட்டும் மாட்டவே மாட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கெடையாது, ஆளையே கொன்னுரும்.

டேங்க் இல்லாட்டி பில் பாதியாகும்ங்கற பேச்சையும் நம்பாதீங்க. குளிக்கிற தண்ணிய சூடேத்த ஆகுற சக்தி ரெண்டுலயும் ஒண்ணுதான், மிச்சமாகுறது டேங்க் சும்மா நிக்கிறப்ப ஆறிப்போற சூடு மட்டும்தான், 150 லிட்டருக்கு நாளைக்கு சுமார் ஒன்றரைல இருந்து ரெண்டரை யூனிட் கரண்ட். டேங்கைச் சுத்தி சூடு போகாத பிளாங்கெட் சுத்தினாலே அதுல கொஞ்சம் கொறையும்.

கூட்டுக் குடும்பம்னா தலைய எண்ணி வாங்காதீங்க, ஒரே நேரத்துல எத்தனை கொழா தெறக்கும்னு பாருங்க. காவடி அன்னைக்கு விடியறதுக்குள்ள எட்டு பேர் குளிச்சாகணும், ஆயாவுக்கு கடைசில பச்சத்தண்ணிதான் மிஞ்சும். அந்த மாதிரி வீட்டுக்கு 200 லிட்டர் டேங்க் பாக்கலாம், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் குளிக்கிற பழக்கம்னா கேஸ் நல்லது, அது தீராம வந்துக்கிட்டே இருக்கும்.

டேங்க்தான்னு முடிவு பண்ணிட்டா டிரிப் ட்ரே (ஒழுகுற தண்ணிய பிடிக்கிற தட்டு), வேக்யூம் பிரேக்கர் (டேங்க் உள்வாங்கி நசுங்காம காத்த உள்ள விடுறது), பிரஷர் வால்வு (அழுத்தம் கூடுனா வெளிய விடுறது) எதையும் மிச்சம் பிடிக்காதீங்க. உள்ள இருக்குற ஆனோடுங்கற உலோகக் கம்பியை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, அது கரைஞ்சு தீந்துட்டா அப்புறம் டேங்கே துருப்பிடிக்கும். கரண்ட் மிச்சம்னு தெர்மோஸ்டாட்டை 50க்கு கீழ எறக்குனா லெஜியனெல்லா கிருமி வளரும், 60ல விடுங்க.

புதுசா கட்டுறவங்களுக்கும் எக்ஸ்டென்ஷன் போடுறவங்களுக்கும் 2011ல வந்த சான்ஸ் 10400-எக்ஸ்ஏங்கற தென்னாப்பிரிக்க கட்டட விதி இருக்கு, வருஷத்துக்கு சுடுதண்ணிக்கு ஆகுற சக்தில பாதியாச்சும் சாதா கரண்ட் எலிமென்ட் இல்லாம வேற வழில வரணும், அதனால பிளான் போடுறப்பவே சோலாரா கேஸான்னு பேசிருங்க. கேஸ் மாட்டுறவர் பதிவு பண்ணவரான்னு கேளுங்க, அவர் சர்டிஃபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் கடைசி பணத்தை குடுக்காதீங்க, நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் வந்தா முதல்ல அதைத்தான் கேப்பான்.