கிறிஸ்தவ நம்பிக்கையை நாம் தவறாகப் பிடித்துக்கொள்ளும் இடங்கள்

முதலில் சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 1 கொரிந்தியர் 13:13 பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று வரும். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே வசனம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் சொல் மற்றதில் முதலாவதாக வந்துவிடுகிறது. நான் இங்கே பேசுவது எதிர்நோக்கைப் பற்றி, அதாவது தேவன் இனி செய்யப்போவதை அவர் வாக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைப் பற்றி. இனி 'நம்பிக்கை' என்று நான் எழுதுவதெல்லாம் இதைத்தான்.

இதில் அதிகம் பேர் விழும் தவறு, நம்பிக்கைக்கு நாமே ஒரு தேதி குறிப்பது. இந்த வருஷத்துக்குள் வேலை கிடைக்கும், இந்த மாதத்துக்குள் சுகம் வரும் என்று சொல்லிவிட்டு, 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு' என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11ஐ ஆதாரமாகக் காட்டுகிறோம். அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு. முந்தைய அதிகாரத்தில்தான் அனனியா என்பவன் ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று சொல்லியிருந்தான். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! எரேமியா தீர்க்கதரிசிக்கும் அந்த ஆசை இருந்தது, "ஆமென்" என்றுகூடச் சொன்னார். ஆனால் அவர் பாபிலோனுக்கு அனுப்பிய, இந்த வசனம் வரும் கடிதத்தில் இருந்த கணக்கு 70 வருஷம். அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அவர்களைப் பார்த்துத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கர்த்தர் சொல்கிறார். நாம் போட்ட தேதி தாண்டிப்போனதும் 'எனக்கு விசுவாசம் போதவில்லை போல' என்று உள்ளுக்குள் உடைந்துபோகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் வலிக்கிறது, ஏனென்றால் அந்தத் தேதியை தேவன் கொடுக்கவே இல்லை.

அப்புறம், அழுகிறவர்களைத் தடுப்பது. துக்க வீட்டில் 'நமக்குத்தான் நம்பிக்கை இருக்கிறதே, அழாதீர்கள்' என்று நானும் சொல்லியிருக்கிறேன், இன்று அதற்காக வருந்துகிறேன். 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போல துக்கிக்காதிருங்கள் என்கிறது. இறந்துபோன லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

பரலோகம் போகப்போகிறோம், இங்கே எதற்குப் பாடுபட வேண்டும் என்று கையைக் கட்டிக்கொள்வதும் தவறுதான். உயிர்த்தெழுதலைப் பற்றி 1 கொரிந்தியர் 15 முழுக்க எழுதிய பவுல், கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது (வீண்போகாது) என்றுதான் அதை முடிக்கிறார்.

கடைசியாக ஒன்று, நம்பிக்கையை மனநிலையோடு சேர்த்துப் பார்ப்பது. காலையில் எழுந்ததும் மனசு பாரமாக இருந்தால் நம்பிக்கையே போய்விட்டது என்று பயப்படுகிறோம். எபிரெயர் 6:19 அதை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. கப்பல் ஆடும்போதும் நங்கூரம் கீழே பிடித்துக்கொண்டுதான் இருக்கும், மேலே நிற்கிறவன் கண்ணுக்கு அது தெரியாது. 'நம்பிக்கை கொண்டிருப்பேன்' என்ற புலம்பல் 3:21 உங்களுக்குப் பிடித்த வசனம் என்றால், அதற்கு முன்னால் துன்பத்தையே சொல்லிக்கொண்டிருக்கும் 20 வசனங்களையும் ஒருமுறை சேர்த்து, மெதுவாக, சத்தமாக வாசித்துப் பாருங்கள்.