கானாங்கோழியா, தாழைக்கோழியா? சதுப்புநிலத்தில் இனங்காணும்போது நேரும் தவறுகள்

பள்ளிக்கரணை போன்ற சதுப்புநிலத்தில் கோரைக்குள் ஓடும் பறவை இரண்டு மூன்று நொடிதான் கண்ணில் படும். அந்த நேரத்தில் அதன் முகத்தைத் தேடுவதுதான் முதல் தவறு. ஆளைக் கண்டதும் அது முதுகைக் காட்டி, வாலைச் சுண்டிக்கொண்டே ஓடும். ஆகவே முதலில் வாலடியை, அதாவது வாலின் கீழ்ப்புறத்தைப் பாருங்கள். செங்கல் நிறமாக இருந்தால் கானாங்கோழி. நடுவில் கறுப்பும் இருபுறமும் வெள்ளைத் திட்டும் தெரிந்தால் தாழைக்கோழி. முழுக்க வெள்ளை என்றால் நீலத் தாழைக்கோழி. வாலடியில் வெள்ளையே இல்லாத கரிய பறவை நாமக்கோழி.

நிறத்தை மட்டும் நம்புவது அடுத்த தவறு. வெயில் எதிரே இருந்தால் நீலத் தாழைக்கோழியும் கறுப்பாகத்தான் தெரியும். வெயில் உங்கள் முதுகில் படும்படி நின்று, அலகையும் நெற்றியையும் கவனியுங்கள். நாமக்கோழிக்கு இரண்டும் வெள்ளை. தாழைக்கோழிக்கு நெற்றி சிவப்பு, சிவந்த அலகின் நுனி மஞ்சள், விலாவில் நீளவாக்கில் வெள்ளைக் கோடு. கானாங்கோழிக்கு நெற்றிக் கேடயமே (அலகை ஒட்டி நெற்றியில் படர்ந்த தகடு) கிடையாது. முகமும் மார்பும் வெள்ளை, மேல் அலகு முகத்தோடு சேரும் இடத்தில் சிறு சிவப்புப் புள்ளி. அளவில் அது கவுதாரிக்கு ஒப்பானது, நீலத் தாழைக்கோழியோ அதைவிடப் பெரியது.

இளம்பறவைகள்தான் பலரையும் குழப்புகின்றன. இளம் தாழைக்கோழி பழுப்பு நிறம், நெற்றியில் சிவப்பு இராது. அதை, நெல்வயலிலும் நாணலிலும் திரியும் இன்னோர் இனமான தண்ணீர்க்கோழியின் (Watercock) பெண் என்று குறித்துவிடுகிறார்கள். விலாக்கோடும் வாலடி வெள்ளையும் அந்த வயதிலேயே இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். கன்னங்கரேலென்று ஓடும் சிறு குஞ்சு ஏதோ அரிய சிற்றினம் அல்ல. அருகில் தாய் இருக்கிறதா என்று சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

குரல் விஷயத்தில் தவறுகள் இன்னும் அதிகம். கானாங்கோழி ஆண்டு முழுவதும் கத்துவதில்லை. இனப்பெருக்கம் நடக்கும் மழைக்காலத்தில்தான், அதுவும் விடியலிலும் அந்தியிலும் மேகமூட்டமான பகலிலும், சில இரவுகளிலும் கத்தும். கரகரவென்ற உறுமலில் தொடங்கி, ‘க்ர்-க்வாக், க்ர்-க்வாக்’ என்று மாறி, பிறகு ஒரே சீராகக் ‘கூக் கூக்’ என்று கால் மணி நேரம்கூட நீளும். நடுவில் ஐந்து நொடி மட்டும் கேட்டால் தவளை என்று தோன்றும்; உறுமலை மட்டும் கேட்டவருக்கோ ஏதோ விலங்கு என்று தோன்றும். தொடக்கத்திலிருந்து குறைந்தது ஒரு நிமிடமாவது கேளுங்கள், முடிந்தால் பதிவு செய்யுங்கள். தாழைக்கோழி இப்படி நீட்டாது. நாணலுக்குள்ளிருந்து வெடுக்கென்று ஒரு ‘குர்ருக்’, அவ்வளவுதான்.

செம்போத்தின் ‘ஊப் ஊப்’ ஒலியைத் தண்ணீர்க்கோழி என்று எழுதுவதும் நடக்கிறது. செம்போத்தின் ஒலி பெரும்பாலும் வேலி, புதர், மரக்கிளையிலிருந்து வரும். தண்ணீர்க்கோழி நெல்வயலுக்குள்ளோ நாணலுக்குள்ளோ இருந்து பத்துப் பன்னிரண்டு முறை ‘கொக் கொக்’ என்றபின், குடத்துக்குள் ஒலிப்பதுபோல ‘உட்டும்ப், உட்டும்ப்’ என்று முழங்கும். இதுவும் இனப்பெருக்க காலத்து ஆணின் குரல். ஜனவரியில் கேட்டதாகத் தோன்றினால் மறுபடி யோசியுங்கள்.

குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் போன்ற செயலி தரும் பெயரைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். தவளைச் சத்தமும் காற்றும் கலந்த பதிவில் அது தடுமாறும். பறவையை வெளியே வரவழைக்கப் பதிவுக்குரலை ஒலிக்கவிடுவதை அறவே தவிர்க்க வேண்டும். எல்லைக்குள் போட்டி வந்துவிட்டதென்று கூட்டையும் குஞ்சையும் விட்டு அது வெளியே ஓடிவரும். பக்கத்தில் கேட்பவர் உங்கள் கைபேசியின் குரலையே பறவை என்று பதிந்துவிடவும் கூடும்.

வாலடியும் பார்க்கவில்லை, குரலும் முழுதாகக் கேட்கவில்லை என்றால் பெயரை ஊகித்து எழுதாதீர்கள். நேரம், இடம், தண்ணீரின் ஆழம், கண்ட உறுப்புகள், கேட்ட ஒலியின் வரிசை இவற்றைக் குறித்துக்கொண்டு, இனம் உறுதியாகவில்லை என்றே பதியுங்கள்.