ட்ரோலிங் மோட்டாருக்கு பேட்டரி வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

சின்னப் படகுக்கு ட்ரோலிங் மோட்டார், அதாவது பேட்டரியில் ஓடி படகைத் தள்ளும் சின்ன மின்மோட்டார், வாங்குபவர்கள் மோட்டாரைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பேட்டரியை மட்டும் கடைசி நாளில் போய், கையில் கிடைத்ததை வாங்கி வருவார்கள். முதல் தடவை நானும் வீட்டில் சும்மா கிடந்த கார் பேட்டரியைத்தான் ஏற்றிக்கொண்டு போனேன். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது, மோட்டாரும் நன்றாக ஓடியது. திரும்பும்போது அதே காற்று எதிரே நின்றது. பாதித் தூரத்திலேயே மோட்டாரின் சத்தம் தளர்ந்து, மெல்ல நின்றுவிட்டது. மீதி தூரத்துக்குத் துடுப்புதான். அதனால் பேட்டரி பற்றி யார் கேட்டாலும், எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்காதீர்கள், எதிர்காற்றில் திரும்பி வர எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கார் பேட்டரி போதும் என்று நினைப்பது

கார் பேட்டரியும் 12 வோல்ட், ஆழமாகக் காலியாவதைத் தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரியும் 12 வோல்ட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள்தான் வேறு. கார் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். இன்ஜினைக் கிளப்ப ஓரிரு விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பது அதன் வேலை. கொடுத்து முடித்ததும் ஆல்டர்னேட்டர் அதை மறுபடி நிரப்பிவிடும். அதைக் கொண்டுபோய் மணிக்கணக்கில் மோட்டார் ஓட்டி அடிமட்டம் வரை காலி செய்தால், மெல்லிய தகட்டில் பூசியிருக்கும் ஈய மருந்து உதிர ஆரம்பிக்கும். சில பத்து தடவைகளிலேயே பேட்டரி பாழாகிவிடும். டீப் சைக்கிள் பேட்டரியின் தகடுகள் தடிமனானவை. மெதுவாகக் காலியாகி மறுபடி நிறைவதற்கென்றே செய்யப்பட்டவை.

கடையில் "மரைன் பேட்டரி" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. அந்தப் பெயரில் வருபவற்றில் இன்ஜின் கிளப்பும் பேட்டரியும் இருக்கும், இரண்டுக்கும் பொதுவான பேட்டரியும் இருக்கும். லேபிளில் கிராங்கிங் ஆம்பியரை (இன்ஜினைக் கிளப்பும் திறன்) பெரிதாகப் போட்டு, ஆம்பியர் ஹவர் (சுருக்கமாக ஏஎச்; எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் கொடுக்கும் என்ற அளவு) எவ்வளவு என்று எங்கேயும் சொல்லாமல் இருந்தால் அது உங்களுக்கான பேட்டரி அல்ல. படகில் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் அதற்குத் தனி பேட்டரி வையுங்கள். ட்ரோலிங் மோட்டார் காலி செய்துவிட்ட பேட்டரியால் இன்ஜினைக் கிளப்ப முடியாது.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரியைச் சிலர் படகில் வைக்கிறார்கள். ஆழமாகக் காலியாவதை அது தாங்கும், உண்மைதான். ஆனால் உயரமும் எடையும் அதிகம். ஆடுகிற படகில் ஆசிட் சிந்தும் ஆபத்தும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை.

100 ஏஎச் என்றால் 100 கிடைக்கும் என்று நம்புவது

அதிகம் பேர் தவறுவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். லெட் ஆசிட் பேட்டரியில் (ஈயத் தகடும் ஆசிடும் உள்ள வழக்கமான வகை) எழுதியிருக்கும் ஏஎச் கணக்கு பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்து அளந்தது. 100 ஏஎச் என்றால், 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று அர்த்தம். 55 பவுண்டு உந்துவிசை உள்ள 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும். அப்போது இரண்டு மணி நேரம் ஓட வேண்டும்தானே? ஓடாது. வேகமாக இழுக்க இழுக்க லெட் ஆசிட் பேட்டரி தரும் மொத்த அளவே குறைந்துவிடும். பியூகெர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். அந்தச் சூத்திரத்தில் வழக்கமான ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தால், ஒன்றே கால் மணி நேரம்தான் வருகிறது. அதுவும் முழுக்கக் காலி செய்தால்.

முழுக்கக் காலி செய்யவும் கூடாது. லெட் ஆசிட்டை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். ஆக, முழு வேகத்தில் நிம்மதியாக ஓட்டக் கிடைப்பது 40 நிமிடத்தை ஒட்டித்தான்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் உங்கள் ஒரு நாளை எழுதுங்கள். உதாரணத்துக்கு: மெதுவான வேகத்தில் 3 மணி நேரம், 12 ஆம்பியர் வீதம், 36 ஏஎச். எதிர்காற்றில் முழு வேகத்தில் அரை மணி நேரம், 25 ஏஎச். மொத்தம் 61. பாதிதான் எடுக்கலாம் என்றால் 122 ஆகிறது. வேகமாக இழுக்கும்போது ஏற்படும் இழப்புக்கும் இடம் விட்டால் 130, 140 வரை போகும். இந்தக் கணக்குக்கு 100 ஏஎச் லெட் ஆசிட் போதாது. மோட்டார் எவ்வளவு இழுக்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். ஐந்து வேகம் மட்டும் உள்ள பழைய வகை மோட்டார்கள் குறைந்த வேகத்திலும் மின்சாரத்தைச் சூடாக வீணாக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் உள்ளவை மெதுவாகப் போகும்போது நன்றாகவே மிச்சப்படுத்தும்.

சில பேட்டரிகளில் ஏஎச் இருக்காது, "ரிசர்வ் கெபாசிட்டி" என்று நிமிடக் கணக்கு இருக்கும். 25 ஆம்பியர் வீதம் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதுதான் அது. நம் வேலைக்கு இந்த எண்ணே இன்னும் பொருத்தமானது என்பேன்.

லித்தியம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (LiFePO4) பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேலும் தைரியமாக எடுக்கலாம். 100 ஏஎச் லெட் ஆசிட் 30 கிலோவை ஒட்டி இருக்கும். லித்தியம் 11 முதல் 14 கிலோவுக்குள் வரும். சின்னப் படகில் பின்பக்கம் நீங்கள், மோட்டார், பேட்டரி என்று எல்லாம் சேர்ந்து அழுத்தும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பணம் இருந்தால் வாங்கலாம், நானும் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஆனால் வாங்கும் முன் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு) எத்தனை ஆம்பியரைத் தொடர்ந்து விடும் என்று பாருங்கள். 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 50 ஆம்பியர் பிஎம்எஸ் போட்டால், புரொப்பெல்லரில் பாசி சுற்றிய நிமிடமே அது இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும். 100 ஆம்பியர் இருப்பது நல்லது. அப்புறம், லெட் ஆசிட் போல இது தளர்ந்து தளர்ந்து எச்சரிக்காது. வோல்டேஜ் கடைசி வரை 13-ஐ ஒட்டியே நின்று, திடீரென்று விழும். வோல்ட் மீட்டரை நம்பித் திரும்பும் நேரத்தை முடிவு செய்ய முடியாது. எடுத்த ஆம்பியர் ஹவரைக் கணக்கு வைக்கும் மீட்டர் வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் போடவும் கூடாது.

மற்றவை

சார்ஜரையும் பேட்டரியோடு சேர்த்தே தேர்ந்தெடுங்கள். சாதாரண லெட் ஆசிட், ஏஜிஎம், ஜெல் (இவை இரண்டும் ஆசிட் சிந்தாத, மூடிய லெட் ஆசிட் வகைகள்), லித்தியம், ஒவ்வொன்றுக்கும் சார்ஜ் வோல்டேஜ் வேறு. ஜெல் பேட்டரி அதிக வோல்டேஜைத் தாங்காது. லெட் ஆசிட்டைக் காலியாகவே நாள் கணக்கில் போட்டுவைத்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப்போகும். கரைக்கு வந்த அன்றே சார்ஜில் போட்டுவிடுங்கள். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் வகையென்றால், டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், மூடிய அறையில் வேண்டாம்.

24 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைக்கும்போது ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலக்காதீர்கள். பலவீனமானது முதலில் காலியாகி, மற்றதையும் கெடுக்கும். ஒயர் மெல்லியதாக இருந்தால் வழியிலேயே வோல்டேஜ் விழும், ஒயரும் சூடாகும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே மோட்டார் கையேடு சொல்லும் அளவில் சர்க்யூட் பிரேக்கர் கட்டாயம் போடுங்கள். தண்ணீர் நடுவில் தீ பிடித்தால் ஓடி ஒதுங்க இடமில்லை.

புது பேட்டரியோடு முதல் நாளே தூரம் போகாதீர்கள். கரையை ஒட்டியே ஓட்டி, எத்தனை நிமிடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். லெட் ஆசிட் என்றால், சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளக்கும்போது 12.6, 12.7 வோல்ட் முழு அளவு, 12.2 என்றால் பாதி. தூரம் போகும் நாள் வந்ததும், முதலில் எதிர்காற்றில் போங்கள். காற்று திசை மாறாத வரை, திரும்பும்போது அது உங்கள் பக்கம்.