பைத்தானில் ஏஇஎஸ் குறியாக்கம்: சாவி, நான்ஸ், டேக்

ஏஇஎஸ் ஒரு பிளாக் சைஃபர், அதாவது தரவைத் துண்டு துண்டாகப் பூட்டும் குறியாக்க முறை. ஒரு தடவைக்கு 16 பைட்டை எடுத்து, சாவிக்கு ஏற்பக் கலைத்து, 16 பைட்டாகவே திருப்பித் தரும். சாவி 16, 24 அல்லது 32 பைட் இருக்கலாம். 2001இல் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி இதைத் தரமாக அறிவித்தது. நடைமுறையில் பயன்படும் உடைப்பு எதுவும் இதுவரை வெளிவரவில்லை. ஓட்டை விழுவதெல்லாம் சைஃபரைச் சுற்றி நாம் எழுதும் பத்து வரிகளில்தான். பழைய சைஃபர்களான டிஇஎஸ், ப்ளோஃபிஷ் இரண்டுக்கும் பிளாக் வெறும் 8 பைட். புதிய நிரலுக்கு அவை வேண்டாம்.

பைத்தானின் நிறுவியான பிப் வழியாக, குறியாக்க நூலகமான பைகிரிப்டோடோமை நிறுவுங்கள். கணினியில் பழைய பைகிரிப்டோ இருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள். இரண்டும் ‘கிரிப்டோ’ என்ற ஒரே பெயரில் உட்காருவதால் ஒன்றோடொன்று மோதும். பைகிரிப்டோவுக்கு 2013க்குப் பிறகு புதிய பதிப்பே வரவில்லை. அந்தக் காலத்து மாதிரி நிரல்களை அப்படியே எடுக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மோடு (பிளாக்குகளை அடுத்தடுத்துக் கையாளும் முறை) குறிப்பிடாவிட்டால் பைகிரிப்டோ தானாகவே ஈசிபி என்ற மோடுக்குப் போய்விடும். ஈசிபியில் ஒரே 16 பைட் உள்ளே போனால் ஒரே 16 பைட்தான் வெளியே வரும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டுமே நிரம்பிய ஒரு நெடுவரிசையை ஒரே சாவியால் ஈசிபியில் பூட்டிப் பாருங்கள். ‘ஆம்’ வரிசைகள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், சாவியே தேவைப்படாது.

சைஃபர் எழுத்தை அறியாது, பைட்டைத்தான் அறியும். ‘அம்மா’ என்ற சரத்துக்கு லென் கொடுத்தால் 5 வரும். யுடிஎஃப்-8 ஆக என்கோடு செய்து கொடுத்தால் 15 வரும். எனவே முதலில் என்கோடு, பிறகு குறியாக்கம். திறக்கும்போது முதலில் மறைநீக்கம், பிறகு டீகோடு.

கடவுச்சொல்லை நேரடியாகச் சாவியாக வைக்காதீர்கள். பைத்தானின் ஹாஷ்லிப் தொகுதியில், கடவுச்சொல்லைச் சாவியாக மாற்றும் ஸ்கிரிப்ட் சார்பை அழைத்து அதிலிருந்து சாவி எடுங்கள்: ‘என்’ 16384, ‘ஆர்’ 8, ‘பி’ 1, கடவுச்சொல்லோடு கலக்கும் தற்செயல் பைட்டுகளான சால்ட் 16 பைட். இந்த அளவுக்கு 16 எம்பி நினைவகம் பிடிக்கும். ‘என்’ மதிப்பை இரட்டிப்பாக்கினால் நினைவக வரம்பு தாண்டியதாகப் பிழை வரும். அந்த வரம்பைச் சொல்லும் மேக்ஸ்மெம் மதிப்பையும் சேர்த்து உயர்த்த வேண்டும். சாவி நீளத்தை 32 என்று சொல்ல மறந்தால் ஸ்கிரிப்ட் 64 பைட் தரும், ஏஇஎஸ் அதை ஏற்காது.

தமிழில் கடவுச்சொல் வைப்போருக்கு ஒரு பொறி உண்டு. ‘கொ’ என்பதன் கொம்பையும் காலையும் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், சில இரண்டு தனிக் குறிகளாகவும் அனுப்பலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பைட்டுகள் வேறு, சாவியும் வேறு. என்கோடு செய்யும் முன் யுனிகோடுடேட்டா தொகுதியால் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

கடவுச்சொல் இல்லாத இடத்தில் 32 பைட்டை ஓஎஸ் தொகுதியின் யுரேண்டமிலிருந்து எடுங்கள். ரேண்டம் தொகுதி இதற்கு ஆகாது; அதன் வெளியீட்டைப் போதுமான அளவு பார்த்தவர் அடுத்து வருவதைக் கணித்துவிடுவார். சாவியை ஹெக்ஸாக எழுதி வைத்திருந்தால் பைட்டாக மாற்றிய பிறகே கொடுங்கள். 16 பைட் சாவியின் ஹெக்ஸ் 32 எழுத்து. அதை அப்படியே என்கோடு செய்து கொடுத்தால் பிழையே வராது, ஆனால் 256 பிட் என்று நம்பிக்கொண்டிருப்பது 128 பிட்தான்.

இப்போது பூட்டுவது. மோடு ஜிசிஎம்; இது தரவைப் பூட்டுவதோடு, அது மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் டேக் என்ற குறியையும் தரும். நான்ஸ் என்பது ஒவ்வொரு முறை பூட்டும்போதும் புதிதாக இருக்க வேண்டிய மதிப்பு; 12 பைட் நான்ஸை நீங்களே யுரேண்டமிலிருந்து எடுத்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பைகிரிப்டோடோம் 16 பைட் நான்ஸ் போடும். 12 எதிர்பார்க்கும் வேறு நூலகத்தில் திறக்கும்போது சிக்கும். உங்கள் கோப்பு வடிவத்தின் ஒரு பைட் பதிப்பு எண்ணையும் சால்ட்டையும் ‘அப்டேட்’ வழியே கொடுத்தால் அவையும் சரிபார்ப்புக்குள் வந்துவிடும். பிறகு ‘என்கிரிப்ட் அண்ட் டைஜெஸ்ட்’. அது மறைதரவையும் 16 பைட் டேக்கையும் தரும். கோப்பில் இந்த வரிசையில் எழுதுங்கள்: பதிப்பு 1, சால்ட் 16, நான்ஸ் 12, டேக் 16, அதன்பின் மறைதரவு. கூடுதல் 45 பைட். சால்ட், நான்ஸ், டேக் மூன்றும் ரகசியமல்ல, வெளிப்படையாகவே இருக்கட்டும்.

ஒரே சாவியுடன் ஒரே நான்ஸ் இருமுறை வரவே கூடாது. வந்தால் இரு மறைதரவுகளையும் எக்ஸார் (பிட்டுக்குப் பிட் ஒப்பிடும் கணக்கு) செய்து மூலங்களின் எக்ஸாரைப் பெறலாம். அதைவிட மோசம், டேக் உருவாக்கும் உள்சாவியும் கசிந்து, போலிச் செய்திக்குச் சரியான டேக் போட முடியும். நான்ஸை நிரலில் மாறிலியாக எழுதுவது இந்தக் கதிக்கு நேர்வழி.

திறக்கும்போது புதிய சைஃபர் பொருளை உருவாக்கி, அதே பதிப்பையும் சால்ட்டையும் ‘அப்டேட்’ செய்து, ‘டிகிரிப்ட் அண்ட் வெரிஃபை’ அழையுங்கள். பூட்டிய பொருளையே திரும்பப் பயன்படுத்தினால் டைப்எரர் வரும். வேல்யூஎரர் வந்தால் சாவி தவறு, அல்லது தரவு மாறியிருக்கிறது. அதை விழுங்கிவிட்டுத் தொடரும் எக்ஸெப்ட் எழுதினால் டேக்குக்கே வேலையில்லை. தனி ‘டிகிரிப்ட்’ மட்டும் அழைத்தாலும் அதே கதிதான், சரிபார்ப்பே நடக்காது.

பழைய அமைப்பு ஒன்று சிபிசி மோடுதான் வேண்டும் என்றால் பேடிங், அதாவது கடைசி பிளாக்கை 16 பைட்டாக நிரப்புவது, தேவை. ‘அம்மா’வின் 15 பைட்டுக்கு மதிப்பு 1 உள்ள ஒரு பைட் சேரும், சரியாக 16 இருந்தால் முழுதாக இன்னொரு 16 சேரும். தொடக்க மதிப்பான ஐவி ஒவ்வொரு முறையும் புதிய 16 பைட். சிபிசியில் டேக் இல்லாததால் ஐவியையும் மறைதரவையும் சேர்த்துத் தனிச் சாவியால் எச்மேக் என்ற சரிபார்ப்புக் குறி போடுங்கள், திறக்கும் முன் அதைச் சரிபாருங்கள். இல்லாவிட்டால், பேடிங் பிழைக்கு உங்கள் நிரல் வேறு பதில் சொல்வதை வைத்தே சாவி இல்லாமல் மூலத்தை மீட்கும் தாக்குதல் 2002 முதல் தெரிந்ததே.

முடித்ததும் சோதியுங்கள். ஒரே வரியை இருமுறை பூட்டினால் இரு கோப்பும் வேறாக இருக்க வேண்டும். காலியான உள்ளீடும் பூட்டித் திறக்க வேண்டும். பிறகு பதிப்பு, சால்ட், நான்ஸ், டேக், மறைதரவு ஐந்திலும் தனித்தனியே ஒரு பைட்டை மாற்றித் திறந்து பாருங்கள். ஐந்து முறையும் பிழை வந்தாக வேண்டும்.