பழைய டிராக்டருக்குப் பழைய டயர்: பார்த்து வாங்குவது எப்படி?

இருபது, இருபத்தைந்து வருஷம் உழைத்த வண்டிக்குப் புது டயர் போடும் வசதி எல்லோருக்கும் இருக்காது. நல்ல பழைய டயர் கிடைத்தால் அதுவே பல போகம் தாங்கும். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் அளவு. உங்கள் டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்ஸி பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் முன்னால் 6.00-16, பின்னால் 12.4-28 அல்லது 13.6-28 இருக்கும். கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். இரண்டுக்கும் ரிம் 28 தானே என்று ஒரு பக்கம் 12.4, மறுபக்கம் 13.6 மாட்டிவிடாதீர்கள். உயரம் மாறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துத் தேயும். ஒரே அளவாக இருந்தாலும் ஒன்று அதிகம் தேய்ந்திருக்கலாம். டேப்பை டயரைச் சுற்றிப் பிடித்து இரண்டையும் அளந்து பாருங்கள்.

அடுத்து, வண்டிக்கு என்ன வேலை? சேற்றுழவு என்றால் பட்டன், அதாவது மண்ணைப் பிடிக்க டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள், உயரமாக இருந்தே ஆக வேண்டும். டிரெய்லரில் கரும்பு, செங்கல் ஏற்றத்தான் என்றால் பாதி தேய்ந்த டயரே போதும், விலையும் குறையும்.

எங்கே தேடுவது? புது டயர் விற்கும் கடைகளில் பழையதை மாற்றுக்கு எடுத்து வைத்திருப்பார்கள். உங்கள் டிராக்டர் மெக்கானிக்கிடமும் சொல்லி வையுங்கள். லாரித் தொழில் நிறைந்த நாமக்கல், சங்ககிரி பக்கம் போனால் பழைய டயர் கடைகளை ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். உழவு தொடங்கும் நேரத்தில் அவசரமாகப் போனால் விலை ஏறித்தான் இருக்கும். அறுவடை முடிந்ததும் தேடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். எல்லோரும் பட்டனைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு முறை, பட்டன் புதிதுபோல இருக்கிறதே என்று வாங்கினேன். ஒரே வாரத்தில் லோடோடு பக்கச்சுவர் பிளந்தது. வெயிலில் வருஷக்கணக்கில் நின்ற டயர் அது. கறுப்புப் பாலிஷ் வெடிப்புகளை மறைத்திருந்தது.

அதனால் ஈரத்துணியால் பக்கச்சுவரை நன்றாகத் துடையுங்கள். மேலோட்டமான மயிரிழை வெடிப்பு பரவாயில்லை. உள்ளே நூல் தெரிந்தால் வேண்டாம். வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அப்புறம் ரிம்மில் இல்லாத டயராக இருந்தால் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். சின்ன ஆணி ஓட்டைக்கு ஒட்டுப் போட்டிருந்தால் பயமில்லை, டியூப் இருக்கிறது. உள்துணி கிழிந்து பெரிய ஒட்டு இருந்தாலோ, ரிம்மில் உட்காரும் விளிம்பில் கம்பி வெளியே வந்திருந்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

விலை பேசும் முன் அதே அளவுப் புது டயரின் விலையை விசாரித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் கேட்டால் நான் வாங்க மாட்டேன்.

மாட்டும்போது ரிம்மின் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். எடை கூட்டுவதற்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பி ஓட்டிய வண்டியில் வால்வு ஓட்டையைச் சுற்றி அதிகம் அரித்திருக்கும். டியூபை மட்டும் புதிதாக வாங்குங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் சேர்ந்து காட்டும் V வடிவத்தின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். ஒரு நாள் ஓட்டிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிவிடுங்கள்.