நொச்சி இலைச் சாரத்தின் அழற்சி எதிர்ப்பைச் சோதிக்கும் முறை

வீக்கத்துக்கு நொச்சியிலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். அந்த இலைக்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் உண்டா என்று கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்க விரும்புவோர், பூவும் இலையும் சேர்ந்த கிளை ஒன்றை உலர்த்தி, திருச்சி ராபினட் உலர்தாவரகம் போன்ற ஓரிடத்தில் காட்டி, செடி இன்னதென்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நிழலில் உலர்த்திப் பொடித்த இலை 50 கிராமை 500 மி.லி. எத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டி, சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறாமல் வற்றவைத்து, கிடைத்த சாரத்தை எடைபோட்டுக் குறித்துக்கொள்க.

எளிய முதற்சோதனைக்குக் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவே போதும். சூட்டில் புரதம் இயல்பு திரிந்து கலங்குவதைச் சாரம் எந்த அளவு தடுக்கிறது என்பதே இதில் அளக்கப்படுகிறது. 0.2 மி.லி. வெள்ளைக்கரு, அமில காரக் குறியீடு 6.4 உள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசல் 2.8 மி.லி., சாரக் கரைசல் 2 மி.லி. ஆகியவற்றைக் கலந்து, 37 டிகிரியில் 15 நிமிடமும் 70 டிகிரியில் 5 நிமிடமும் வைத்து, ஆறியபின் 660 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்க வேண்டும். சாரத்தைப் பல செறிவுகளில் எடுப்பதோடு, அதே செறிவுகளில் அழற்சி தணிக்கும் மருந்தான டைக்ளோஃபினாக் சோடியத்தையும், சாரம் கரைத்த கரைப்பானை மட்டும் சேர்த்த ஒப்பீட்டுக் குழாயையும் உடன் வைக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். இலையின் பச்சையம் சிவப்பொளியை, அதாவது ஏறத்தாழ இதே அலைநீளத்தை, நன்றாகவே உறிஞ்சும். ஆகவே ஒவ்வொரு செறிவுக்கும் வெள்ளைக்கரு இல்லாத குழாய் ஒன்றையும் சூடாக்கி, அதன் அளவைக் கழித்தாக வேண்டும். ஒப்பீட்டுக் குழாய் 0.80, சாரக் குழாய் 0.50, வெள்ளைக்கரு இல்லாத குழாய் 0.10 என்று வைத்துக்கொண்டால், உண்மையான அளவு 0.40, தடுப்பு 50 விழுக்காடு. கழிக்க மறந்தால் அதுவே 37.5 ஆகிவிடும். டானின் மிகுந்த சாரமோ, சூடாக்கும் முன்பே புரதத்தைப் பற்றிக் கலக்கிவிடும் என்பதால், சூடாக்கும் முன்னும் ஒருமுறை அளப்பது நல்லது. ஒவ்வொரு செறிவையும் மூன்று முறையாவது செய்து பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரியாக வந்தாலும், சாரம் மருந்தாகிவிட்டது என்று எழுதிவிடலாகாது. அழற்சி உயிரணுக்களின் வேலை, முட்டையில் அது நடப்பதில்லை. அடுத்த கட்டமாக, சுண்டெலியின் பெருவிழுங்கிச் செல்களான ரா 264.7 (RAW 264.7) வகையில் சாரத்தைச் சேர்த்து, பாக்டீரியாச் சுவரிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு கொண்டு தூண்டி, அவை வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடை, அது மாறி உண்டாகும் நைட்ரைட்டின் வழியாகக் கிரீஸ் (Griess) கரைசலால் 540 நானோமீட்டரில் அளக்கலாம். செத்த செல்லும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடாது என்பதால், செல்கள் உயிரோடிருப்பதை எம்டிடி சோதனையால் காட்டிய பிறகே நைட்ரிக் ஆக்சைடின் குறைவைச் சாரத்தின் கணக்கில் எழுத வேண்டும். எலியின் பாதத்தில் வீக்கம் உண்டாக்கும் கராஜீனன் என்ற பொருளைச் செலுத்தி வீக்கத்தை அளக்கும் முறை 1962 முதல் வழக்கில் உள்ளது. ஆனால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுத்துமூல ஒப்புதல் பெறாமல் அதைத் தொடங்கக்கூடாது.