க்வேக் திரும்ப ஆடப் போறீங்களா? மொதல்ல அந்த எச்டி டெக்ஸ்ச்சர் பேக்க (செவுரு, தரை படங்கள புதுசா மாத்தற ஃபைலுங்க) ஓரமா வைங்க

1996 ஜூன்ல ஐடி சாஃப்ட்வேர் விட்ட, துப்பாக்கி சுடற கேம் இது. இப்ப வாங்கி இன்ஸ்டால் பண்ணி தொறந்தா எங்க பாத்தாலும் பிரவுன் கலரு, எதிரிங்க வெட்டி வெட்டி நடக்கறாங்க, உடனே கை பரபரங்கும், ஏதாவது எச்டி பேக் போட்டு புதுசாக்கிடலாம்னு. நானும் அதத்தான் பண்ணேன். செவுரெல்லாம் புது டைல்ஸ் ஒட்டின பாத்ரூம் மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு, அதுக்கு நடுவுல ரம்பத்த தூக்கிட்டு வர்ற ஓகர்ங்கற ராட்சசன் மட்டும் அதே பழைய சப்ப மூஞ்சியோட நிக்குது. பாக்க சகிக்கல. எல்லாத்தயும் அழிச்சிட்டு மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சேன், அந்த ரெண்டாவது ரவுண்டுல கத்துக்கிட்டதுதான் கீழ இருக்கறது.

ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல வாங்கினா ரெண்டு க்வேக் வரும். ஒண்ணு 2021 ஆகஸ்ட்ல நைட்டைவ் ஸ்டூடியோ ஆளுங்க புதுப்பிச்சு விட்டது, இன்னொண்ணு பழசு. எதையும் நோண்டாம ஆடணும்னா புதுசே போதும், நல்லாத்தான் இருக்கு. நோண்டணும்னு ஆசை இருந்தா அயர்ன்வெயில்னு ஒரு இலவச இன்ஜின் (கேம ஓட்டற ப்ரோக்ராம்) இருக்கு, அத எறக்குங்க. க்வேக்கோட சோர்ஸ் கோட 1999 கடைசியிலயே ஐடி சாஃப்ட்வேர் வெளிய விட்டுட்டதால இந்த மாதிரி இன்ஜின் நெறய உண்டு. ரொம்ப பழைய கிராபிக்ஸ் கார்டா இருந்தா அயர்ன்வெயில் ஓடாது, அதுக்கு ஓப்பன்ஜிஎல் 4.3 வேணும், அப்ப க்வேக்ஸ்பாஸ்ம் போட்டுக்குங்க, அதுவும் இதுவும் அண்ணன் தம்பிதான்.

வேல என்னன்னா, ஐடி1ங்கற ஃபோல்டர்ல பாக்0, பாக்1னு ரெண்டு ஃபைல் இருக்கும், அதுலதான் மொத்த கேமும் இருக்கு, இன்ஜின அந்த ஃபோல்டருக்கு பக்கத்துல வெச்சா முடிஞ்சுது. பாக்0 மட்டும் இருந்தா மொத எபிசோட் மட்டும்தான் வரும், அது அந்தக் காலத்துல இலவசமா ஆடிப் பாக்க விட்ட ஷேர்வேர் பதிப்பு.

பாட்டு வரலியேன்னு தேடாதீங்க. அந்தக் காலத்துல பாட்டு சிடில ஆடியோ ட்ராக்கா இருந்துச்சு, மொத ட்ராக் கேம் டேட்டா, ரெண்டுலேர்ந்துதான் ம்யூசிக். புது பதிப்போட ஃபோல்டருக்குள்ள ட்ராக்02, 03னு ஃபைலா இருக்கும், அந்த ம்யூசிக் ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணி பழைய ஐடி1 உள்ள போடுங்க. இத கண்டிப்பா பண்ணுங்க, நைன் இன்ச் நெய்ல்ஸ் பேண்ட் ட்ரெண்ட் ரெஸ்னர் போட்டது, பாட்டுன்னு கூட சொல்ல முடியாது, பாழடஞ்ச வீட்டுல யாரோ முனகற மாதிரி இருக்கும். ஆணி தோட்டா பெட்டி மேல அவங்க பேண்ட் லோகோ கூட ஒட்டியிருக்கும் பாருங்க.

இப்ப படம். நெறய பேர் நெனப்புல இருக்கற மங்கலான க்வேக் ஒரிஜினல் இல்ல, 1997ல கிராபிக்ஸ் கார்டுக்காக வந்த ஜிஎல்க்வேக். அதுதான் டெக்ஸ்ச்சர தேய்ச்சு வழவழன்னு ஆக்கிச்சு. ஒரிஜினல் 256 கலர்ல, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா தெரியற மாதிரிதான் இருந்துச்சு, அந்த துருப்பிடிச்ச இரும்பு, ஈரக் கல்லு எல்லாம் அந்த சொரசொரப்புலதான் உயிரோட இருக்கு. அதனால வீடியோ ஆப்ஷன்ல டெக்ஸ்ச்சர் ஃபில்டர ஆஃப் பண்ணுங்க. ரெசல்யூஷன் எவ்வளவு வேணா ஏத்திக்குங்க, அதுல தப்பே இல்ல.

அடுத்து அனிமேஷன். ஒரிஜினல்ல எதிரிங்க நொடிக்கு 10 ஃப்ரேம்லதான் அசைவாங்க, புது இன்ஜின் நடுவுல நடுவுல தானா இட்டு நிரப்பி வழுக்க விடும். அப்ப என்னாகும்னா உடம்பெல்லாம் ஜெல்லி மாதிரி தளதளன்னு ஆடும். நான் ஆஃப் பண்ணிட்டேன், வெட்டு வெட்டா வந்தாத்தான் அந்த ஷாம்ப்ளர்ங்கற பூதத்த பாத்து பயம் வருது. தம்பி ஒருத்தன் தலவலிக்குதுன்னு திரும்ப ஆன் பண்ணிக்கிட்டான், அது உங்க இஷ்டம்.

எஃப்ஓவில, அதாவது ஸ்க்ரீன்ல எவ்வளவு அகலத்துக்கு காட்சி தெரியணும்ங்கற கோணத்துல, எல்லாரும் ஏமாறுவாங்க. பழைய டிவி சைஸ் ஸ்க்ரீனுக்கு 90 டிகிரி, இந்த இன்ஜினுங்க அகல ஸ்க்ரீனுக்கு தகுந்த மாதிரி அத தானாவே விரிச்சுக்கும், 16க்கு 9 மானிட்டர்ல 90ன்னு வெச்சாலே நெசமா சுமார் 106 வரும். இது தெரியாம 110ன்னு போட்டுட்டு துப்பாக்கி ஏன் தூரத்துல இருக்கு, செவுரு ஏன் இழுத்துக்கிட்டு போகுதுன்னு கேக்கறாங்க. 90லயே விடுங்க. ஃப்ரேம் ரேட்டும் இதே கததான், பழைய இன்ஜின்ல 72 தாண்டினா லிஃப்ட், கதவெல்லாம் கோளாறு பண்ணும், அயர்ன்வெயில்ல அந்தத் தொல்ல இல்ல.

மவுஸ் சென்ஸிட்டிவிட்டி உங்க கைக்கு ஏத்த மாதிரி. ஆனா துப்பாக்கிக்கு கீ மாத்துங்க, இது முக்கியம். 1லேர்ந்து 8 வரைக்கும் இருக்கு, அவசரத்துல விரல் 7க்கு போகாது. ராக்கெட் லாஞ்சர், ரெட்ட கொழல் ஷாட்கன், சூப்பர் நெய்ல்கன் மூணையும் நடக்கறதுக்கான டபிள்யூஏஎஸ்டி கீங்க பக்கத்துல இருக்கற க்யூ, இ, எஃப்ல வெச்சுக்குங்க. இதையெல்லாம் கேம் தானா எழுதற செட்டிங்ஸ் ஃபைல்ல எழுதாம, ஆட்டோஎக்ஸெக் டாட் சிஎஃப்ஜின்னு தனி ஃபைல் ஒண்ணு நோட்பேட்ல எழுதி ஐடி1ல போடுங்க, அப்ப எது எப்ப மாறினாலும் உங்களுது பத்திரம். நோட்பேட் வாலுல டாட் டிஎக்ஸ்டின்னு ஒட்டி விட்டுடும், விண்டோஸ் அத காட்டாது, நான் அர மணி நேரம் மண்டைய பிச்சுக்கிட்டேன், எக்ஸ்டென்ஷன காட்டச் சொல்லி செக் பண்ணிக்குங்க.

மாட், அதாவது ரசிகருங்க பண்ணி விடற கூடுதல் மேப், மாத்தம் எல்லாம், அத பத்தி ஒண்ணே ஒண்ணுதான், எதையும் ஐடி1 உள்ள கொட்டாதீங்க, ஐடி1 பக்கத்துல தனி ஃபோல்டர். ஆர்கேன் டைமென்ஷன்ஸ்ங்கற மாட் பிரமாதம், ஆனா அதுக்கு முன்னாடி ஒரிஜினல் நாலு எபிசோடயும் முடிச்சிடுங்க, இல்லாட்டி ஒரிஜினல் மேப்பெல்லாம் சின்னப்புள்ளத்தனமா தோணும்.

எஃப்6 சேவ், எஃப்9 லோட். கஷ்டம் எவ்வளவுன்னு மெனுல கேக்காது, மொத ஹால்ல எந்த வழியா நடந்து போறீங்களோ அதான். ரொம்ப கஷ்டமான நைட்மேர் வழிய 4-வது எபிசோட் வாசல்ல இருக்கற தண்ணிப் பக்கம் ஒளிச்சு வெச்சிருக்காங்க, தேடிக்குங்க. அப்பறம் தண்டர்போல்ட்ங்கற மின்னல் துப்பாக்கி கையில இருக்கும்போது தண்ணில நின்னு சுடாதீங்க, இருக்கற கரண்ட் மொத்தமும் ஒரே அடியில வெளிய வந்து மொத சாவு நம்மளுதுதான்.